ஓய்வூதியரும் ஓய்வுபெற்றோரும்: பல்கலைக்கழகச் சங்கங்களின் உறுப்பினர் விதி குறித்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்றோர் அமைக்கும் சங்கங்களின் குறைகளைப் பொறுப்பாளர்களின் திறமையோடு மட்டும் தொடர்புபடுத்திப் பேசுவது வழக்கம். உறுப்பினர் யார் என்னும் விதியே அச்சங்கங்களின் நிதிக்கும் தேர்தலுக்கும் வழக்காடும் தகுதிக்கும் அடிப்படை என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது. ‘ஓய்வூதியர்’, ‘ஓய்வுபெற்றோர்’ என்னும் இரு சொற்களும் ஒவ்வொரு வகையினரை வெளியே நிறுத்துகின்றன. எனவே சங்கத்தின் பெயரை நம்பியிராமல், உறுப்புரிமையைத் தெளிந்த தமிழில் விரித்து வரையறுக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ஓய்வூதியர், ஓய்வுபெற்றோர், குடும்ப ஓய்வூதியர், துணைவிதி, பொதுக்குழு, நகரா வழக்கு, குடவோலை, ஆட்சித்தமிழ்

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் ஓய்வுபெறும் நாளில், அந்நிறுவனத்தோடு அவருக்கிருந்த உறவு அறுந்துவிடுவதில்லை. ஓய்வூதியம், பணிக்கொடை, அகவிலைப்படி நிலுவை, மருத்துவக் காப்பீடு எனப் பல வழிகளில் அது தொடர்கிறது. அவர் மறைந்த பின்னும் குடும்ப ஓய்வூதியத்தின் வாயிலாக வாழ்க்கைத்துணையிடம் நீள்கிறது. ஆயினும் அவ்வுறவில் அவருடைய இடம் மாறிவிடுகிறது. பணியில் இருப்பவருக்குத் துறைக்கூட்டம் உண்டு. பதவிக்கேற்பக் கல்விப் பேரவையிலும் ஆட்சிக்குழுவிலும் பேசும் வாய்ப்பு உண்டு. வேலைநிறுத்தம் என்னும் இறுதிக் கருவியும் உண்டு. ஓய்வுபெற்றவரிடம் எஞ்சியிருப்பவை மனு, பேச்சுவார்த்தை, அறவழிப் போராட்டம், வழக்கு ஆகிய நான்கே. இந்நான்கும் தனியொருவர் கையில் வலுவிழந்தவை. பலர் கூடிச் செய்யும்போதே பயன் தருபவை.

அரசுத்துறைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் கருவூலத்தின் வழியாக ஓய்வூதியம் பெறுகின்றனர். மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வூதியம் பல்கலைக்கழகத்தின் நிதியிலிருந்து வழங்கப்படுவது வழக்கம். பல்கலைக்கழகத்தின் வருவாய் குறைந்தாலோ, அரசின் நல்கை காலந்தாழ்ந்தாலோ அதன் சுமை முதலில் ஓய்வூதியர்மீது விழுகிறது. அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் சில பல்கலைக்கழகங்களில் மாத ஓய்வூதியம் உரிய நாளில் வழங்கப்படாமை பொதுச்செய்தியாயிற்று. இச்சூழலில் ஓய்வுபெற்றோர் சங்கம் என்பது ஆண்டுக்கொருமுறை கூடி மூத்தோரைப் போற்றிக் கலையும் அமைப்பாக மட்டும் இருத்தல் இயலாது. அது எவ்வாறு அமைகிறது, யாரால் ஆளப்படுகிறது என்பது பலருடைய அடுத்த மாத மருந்துச் செலவோடு தொடர்புடைய வினாவாகிறது.

இவ்வினாவிற்கு விடை காணும்போது தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் தகுதியே பெரிதும் பேசப்படுகிறது. அதனினும் அடிப்படையான வினா ஒன்று உண்டு. அச்சங்கம் யாருடையது?

சங்கத்தின் சட்ட வடிவம்

தமிழகத்தில் இத்தகைய அமைப்புகள் பதிவுசெய்யப்படுவதற்குரிய சட்டம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். ஏழு பேர் இணைந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். சங்கத்தின் நோக்கங்களைக் கூறும் அமைப்புக் குறிப்பு, நடைமுறைகளைக் கூறும் துணைவிதிகள் ஆகிய இரண்டும் பதிவாளரிடம் அளிக்கப்பட வேண்டும். நிருவாகக் குழுவில் மூவருக்குக் குறையாதோர் இருத்தல் வேண்டும். அவர்களின் பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது. ஆயினும் அவர்கள் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். வரவுசெலவுக் கணக்கு முன்வைக்கப்பட வேண்டும்.

இச்சட்டம் வகுப்பது சங்கத்தின் எலும்புக்கூட்டை மட்டுமே. யார் உறுப்பினராகலாம், சந்தா எவ்வளவு, வாக்குரிமை யாருக்கு, ஒருவர் எத்தனை முறை தொடர்ந்து பொறுப்பு வகிக்கலாம் என்பனவற்றைச் சங்கத்தின் துணைவிதிகளே முடிவு செய்கின்றன. துணைவிதியோ சங்கம் தொடங்கப்பட்ட ஆண்டில், பதிவு அலுவலகத்தின் தேவையை நிறைவு செய்வதற்காக, பிறிதொரு சங்கத்தின் விதியைப் படியெடுத்து எழுதப்படுவதுண்டு. அப்போது கையொப்பமிட்ட ஏழு பேரும் ஒரே காலத்தவர். ஒரே ஓய்வூதியத் திட்டத்திற்கு உட்பட்டவர். ஒரே பணிநிலையைச் சார்ந்தவராகவும் இருக்கலாம். அவர்கள் தம்மைப் போன்றோரையே உறுப்பினராக எண்ணி விதி வகுத்திருப்பர். அதில் தவறில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அவ்விதி திருத்தப்படாதிருப்பதே சிக்கல்.

இரு சொற்களும் இரு விடுபடல்களும்

இச்சங்கங்களின் பெயர்களில் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ‘ஓய்வூதியர்’, மற்றொன்று ‘ஓய்வுபெற்றோர்’. நடைமுறையில் இவை ஒருபொருட்கிளவிகள்போலக் கையாளப்படுகின்றன. சொல்லமைப்பை நோக்கினால் இரண்டும் வெவ்வேறு மக்கள்திரளைச் சுட்டுகின்றன.

‘ஓய்வூதியர்’ என்பது ஓய்வு, ஊதியம் ஆகிய சொற்களின் சேர்க்கையினின்று பிறந்தது. ஓய்வுக்கால ஊதியத்தைப் பெறுபவர் என்பது அதன் பொருள். ஒருவரை அவர் பெறும் தொகையால் அடையாளப்படுத்தும் பெயர் இது. ‘ஓய்வுபெற்றோர்’ என்பது வினையின் அடியாகப் பிறந்த பெயர். பணியாற்றி ஓய்வு பெற்ற நிகழ்வே அதில் அடையாளமாகிறது. தொகை பெறுகிறாரா இல்லையா என்பது அதில் அடங்கவில்லை.

தமிழக அரசுப் பணியில் 01.04.2003 முதல் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். பல்கலைக்கழகப் பணிகளிலும் அந்நாளே எல்லையாயிற்று. அத்திட்டத்தில் ஊழியரின் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டது. நிறுவனத்தின் பங்காக அதே அளவு சேர்க்கப்பட்டது. ஓய்வின்போது திரண்ட தொகை ஒருசேர வழங்கப்பட்டதேயன்றி, பழைய திட்டத்தைப்போல மாதந்தோறும் ஓய்வூதியம் வழங்கும் ஏற்பாடு அதில் இல்லை. திட்டத்தின் பெயரில் ‘ஓய்வூதியம்’ உண்டு. அதன்கீழ் ஓய்வுபெற்றவரோ அச்சொல்லின் நேர்ப்பொருளில் ஓய்வூதியர் அல்லர். 2003இல் முப்பத்தைந்து வயதில் பணியேற்ற ஒருவர் அறுபது வயதில், 2028இல், ஓய்வு பெறுவார். ‘இப்பல்கலைக்கழகத்தில் ஓய்வூதியம் பெறுவோர் உறுப்பினராகலாம்’ என ஒரு துணைவிதி கூறுமாயின், அவர் எந்தக் கதவைத் தட்டுவது?

அவ்வாறாயின் ‘ஓய்வுபெற்றோர்’ என்னும் சொல்லை ஏற்றால் போதுமே எனலாம். அச்சொல்லும் ஒரு வகையினரை வெளியே நிறுத்துகிறது. கணவரையோ மனைவியையோ இழந்து குடும்ப ஓய்வூதியம் பெறுபவர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் அல்லர். எனவே ஓய்வு பெற்றவரும் அல்லர். இவர்களுள் பெண்களே மிகுதி. கணவர் உயிரோடு இருந்தவரை அலுவலக நடைமுறை எதையும் அறிந்திராத முதியவள் ஒருத்தி, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மாற்றம், ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று என அடுத்தடுத்து அலைய நேர்கிறது. சங்கத்தின் துணை மிகுதியும் தேவைப்படுவது இவருக்கே. இவரை உறுப்பினராகவே கொள்ளாத சங்கங்கள் உண்டு. ‘இணை உறுப்பினர்’ எனப் பெயரிட்டு, சந்தா பெற்று, வாக்குரிமை மறுக்கும் முறையும் உண்டு. கணவர் ஆயுள் உறுப்பினராக இருந்தாலும் அவருடைய இறப்போடு உறுப்புரிமை முடிவடைகிறது என்பது இவற்றின் அடிப்படை. அவர் கோரிய உரிமை அவ்வாறு முடிவடைவதில்லை.

ஆக, ‘ஓய்வூதியர்’ என்னும் சொல் 2003க்குப் பிந்தையோரை விடுகிறது. ‘ஓய்வுபெற்றோர்’ என்னும் சொல் குடும்ப ஓய்வூதியரை விடுகிறது. எந்தப் பெயரைத் தேர்ந்தாலும் ஒரு விடுபடல் நேர்கிறது. பெயர் எதுவாயினும் வரையறை விதி தனியே விரித்து எழுதப்பட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

நகரா தீர்ப்பு தரும் அளவுகோல்

ஓய்வூதியர் சங்கங்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 17ஆம் நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றன. 1982ஆம் ஆண்டு அந்நாளில்தான் டி. எஸ். நகரா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பு வழங்கியது. ஓய்வூதியம் என்பது முதலாளியின் விருப்பத்தைச் சார்ந்த கொடை அன்று, உரிமை என்னும் கருத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டியதைச் சங்க மேடைகள் தவறாமல் நினைவுகூர்கின்றன. அவ்வழக்கின் உடனடிப் பொருள் எது என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 1979இல் நடுவண் அரசு உயர்த்தப்பட்ட ஓய்வூதியக் கணக்கீட்டு முறையை அறிவித்து, 31.03.1979 முதல் ஓய்வுபெறுவோர்க்கே அது உரியது என்றது. ஒரே வகுப்பினரை ஒரு நாளைக்கொண்டு இரண்டாகப் பிளப்பதற்கு ஏற்புடைய காரணம் இல்லை என்பதே நீதிமன்றத்தின் முடிவு. அவ்வழக்கின் மனுதாரர்களுள் ஒன்று, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட அமைப்பு என்பதும் இங்குக் கருதத்தக்கது. முதுமையாலும் வறுமையாலும் தாமே நீதிமன்றம் ஏற இயலாதவர்களுக்காக ஓர் அமைப்பு வழக்காட முடிந்தது.

ஒரு நாளைக்கொண்டு ஓய்வூதியரைப் பிரிப்பதை எதிர்த்துப் பெற்ற வெற்றியைக் கொண்டாடும் சங்கம், தன் உறுப்பினர் விதியில் மற்றொரு நாளைக்கொண்டு ஓய்வுபெற்றோரைப் பிரிக்குமாயின் அது பொருந்துமா?

இதற்கு எதிரான வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1990இல் கிருஷேண குமார் வழக்கில், வைப்புநிதித் திட்டத்தில் இருந்தோரும் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தோரும் ஒரே வகுப்பினர் அல்லர் என உச்சநீதிமன்றமே கூறியுள்ளது. நகரா தீர்ப்பின் எல்லை அவ்வாறு சுருக்கப்பட்டது. மேலும், மாத ஓய்வூதியம் பெறுவோரின் கோரிக்கை வேறு. அதைப் பெறாதோரின் கோரிக்கை வேறு. பின்னவர் பெரும்பான்மையாகும் காலத்தில் முன்னவரின் அகவிலைப்படியும் நிலுவையும் சங்கத்தின் நிகழ்ச்சிநிரலில் பின்னுக்குத் தள்ளப்படலாம் என்னும் அச்சம் இயல்பானது.

ஆயினும் நீதிமன்றத்தின் வகுப்புப் பிரிவு, அரசு வழங்கும் பயன்களைப் பற்றியது. யார் யாரோடு கூடிச் சங்கம் அமைக்கலாம் என்பதை அது கட்டுப்படுத்தவில்லை. கோரிக்கை வேறுபாட்டிற்கும் வழி உண்டு. பொதுக்குழு ஒன்றாகவும், ஓய்வூதியம், பங்களிப்புத் திட்டம், குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றிற்குத் தனித்தனித் துணைக்குழுக்களாகவும் அமைத்து, அவ்வத்துணைக்குழுவில் அவ்வகையினரே வாக்களிக்குமாறு விதி வகுக்கலாம். திட்டங்கள் அரசின் கொள்கைக்கேற்ப மாறுபவை. ஒரு திட்டத்தின் பெயரோடு உறுப்புரிமையைக் கட்டிவைத்தால், திட்டம் மாறும்போதெல்லாம் சங்கம் தன் எல்லையைத் தானே தேட வேண்டியிருக்கும்.

நிதியும் மூடிய குழுவும்

உறுப்பினர் விதியை விரிப்பது பெருந்தன்மையின் பொருட்டு மட்டும் அன்று. சங்கத்தின் நிதிநிலையும் அதையே வேண்டுகிறது. இரு நடைமுறைகள் இதைத் தெளிவாக்கும்.

முதலாவது, ஆயுள் சந்தா. ஓய்வுபெறும் ஆண்டில் ஒரு தொகையை ஒருமுறை செலுத்தினால் வாழ்நாள் முழுவதும் உறுப்பினர். முதியவர் ஆண்டுதோறும் சந்தா செலுத்த அலைய வேண்டியதில்லை என்பதால் இம்முறை விரும்பப்படுகிறது. ஆனால் அத்தொகை வந்த ஆண்டிலேயே அன்றாடச் செலவிற்குப் பயன்படுமாயின், புதிய உறுப்பினரின் வருகையே சங்கத்தின் வருவாயாகிறது. வருகை நின்றால் வருவாயும் நிற்கும். பழைய உறுப்பினர்க்குச் செய்ய வேண்டிய பணியோ நிற்பதில்லை. ஆயுள் சந்தாவை வைப்புநிதியில் இட்டு, வட்டியை மட்டும் செலவிட வேண்டும் என்பதைத் துணைவிதியிலேயே எழுதி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, குடும்பநல நிதி. உறுப்பினர் ஒருவர் இறந்தால் ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு தொகை அளித்து, திரண்டதைக் குடும்பத்திற்கு வழங்கும் ஏற்பாடு இது. எடுத்துக்காட்டாக, 500 உறுப்பினர் ஆளுக்கு 200 ரூபாய் அளித்தால் 1,00,000 ரூபாய் திரளும். உறுப்பினர் எண்ணிக்கை 250 ஆகக் குறைந்தால் குடும்பத்திற்குக் கிடைப்பது 50,000 ரூபாய். அல்லது ஒவ்வொருவரும் 400 ரூபாய் அளிக்க வேண்டும். எஞ்சியிருப்போர் அகவை முதிர்ந்தோராதலின், அத்தொகையை ஆண்டிற்கு அளிக்க நேரும் முறைகளும் பெருகும். நெடுங்காலம் செலுத்தியவர் மறையும்போது அவர் குடும்பத்திற்கு அளிக்க ஆளில்லாத நிலை உருவாகும்.

இவ்விரண்டும் புதியோர் தொடர்ந்து நுழையும் குழுவிற்கே பொருந்துவன. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தோரோ மூடிய குழுவினர். 01.04.2003க்கு முன் பணியேற்றவர் அனைவரும் ஓய்வுபெற்ற பின் அக்குழுவில் புதியவர் ஒருவரும் சேரப்போவதில்லை. எனவே ‘ஓய்வூதியர்’ என்னும் சொல்லுக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும் சங்கம், தன் முடிவு நாளைத் தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது எனலாம். இறுதியில் எஞ்சும் சிலர், மிக முதிர்ந்த நிலையில், நிதியும் ஆளும் இன்றிப் பல்கலைக்கழகத்தின்முன் நிற்க நேரும்.

பொறுப்பும் சுழற்சியும்

பொறுப்பாளர் தேர்வு குறித்துப் பேசும்போது உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுக்கு வருதல் இயல்பு. முதலாம் பராந்தகனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊர். ஏரி, தோட்டம் முதலியவற்றிற்குத் தனி வாரியங்கள். 360 நாள் பதவிக்காலம். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர்க்குத் தகுதியின்மை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க இயலாமை ஆகியன அவற்றுள் காணப்படும் விதிகள்.

இக்கல்வெட்டை மக்களாட்சியின் தொல்வடிவமாகப் போற்றுவோர், நிலமும் மனையும் வேதப்பயிற்சியும் உடைய பிராமணர்க்கே அவ்வுரிமை இருந்தது என்பதை மறத்தல் கூடாது. பெண்களும் ஏனைய குடிகளும் அக்குடத்திற்கு வெளியே நின்றனர். இவ்விரு கூறுகளும் ஓய்வுபெற்றோர் சங்கங்களுக்குப் பாடமாகின்றன. சுழற்சியும் கணக்கும் கடுமையாக வகுக்கப்பட்டிருந்தும், யாருடைய பெயர் ஓலையில் எழுதப்படலாம் என்னும் எல்லை குறுகியிருந்தமையால் ஊரில் பலர் ஆளப்படுவோராக மட்டுமே இருந்தனர்.

இன்றைய சங்கங்களில் சுழற்சி விதியும் தளர்ந்திருப்பதுண்டு. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம் எனச் சட்டம் இடமளிப்பதால் ஒருவரே பல முறை செயலாளராகத் தொடர்கிறார். இதைப் பதவிப்பற்று என்று மட்டும் கூறிவிட இயலாது. கோப்புகளை அறிந்தவர், அலுவலகத்தில் யாரைக் காண வேண்டும் என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே என்பதால் உறுப்பினர்களே அவரை விடுவதில்லை. ஆனால் அறிவு ஒருவரிடம் தங்கும்போது அவர் உடல்நலம் குன்றும் நாளில் சங்கமும் குன்றுகிறது. தொடர்ந்து இரு முறைக்கு மேல் ஒரே பொறுப்பை வகிக்கலாகாது என்பதோடு, பொறுப்பு மாறும்போது உறுப்பினர் பதிவேடு, கூட்டக் குறிப்பேடு, வழக்குக் கோப்புகள், வங்கி ஆவணங்கள் ஆகியன பட்டியலிட்டு ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதையும் விதியாக்குதல் நன்று.

ஆசிரியர், ஆசிரியரல்லாத பணியாளர் என்னும் பாகுபாடும் இங்கு நோக்கத்தக்கது. இரு தரப்பினரும் ஒரே சங்கத்தில் இருக்கும்போது தலைவர், செயலாளர் பொறுப்புகள் பேராசிரியர்களிடமே சென்று சேரும் வழக்கம் எளிதில் உருவாகிவிடும். பணிக்காலத்தின் படிநிலை ஓய்விற்குப் பின்னும் தொடர எந்தக் காரணமும் இல்லை. ஓய்வூதியம் தாழும் மாதத்தில் முதலில் இடர்ப்படுபவர் குறைந்த ஓய்வூதியம் பெறும் கடைநிலைப் பணியாளரே. செயற்குழுவில் ஆசிரியர், அலுவலர், கடைநிலைப் பணியாளர், குடும்ப ஓய்வூதியர் என ஒவ்வொரு வகையினர்க்கும் இடம் உறுதி செய்யப்பட வேண்டும். கூட்டத்திற்கு வர இயலாத முதியோர்க்கும் வெளியூரில் வாழ்வோர்க்கும் அஞ்சல் வாக்கு தேவை. இல்லையேல் வளாகத்தின் அருகில் குடியிருப்போரின் சங்கமாகவே அது அமையும்.

விதியின் மொழி

இச்சங்கங்களின் துணைவிதிகள் ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்குமாயின், உறுப்பினருள் ஒரு பகுதியினர் தம்மை ஆளும் விதியைப் படிக்க இயலாதவராகின்றனர். தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. பொதுக்குழு, செயற்குழு, குறைவெண், கூட்டக் குறிப்பு, தணிக்கை, நிலுவை எனத் தேவையான சொற்கள் அனைத்தும் ஆட்சித்தமிழில் நிலைபெற்றுள்ளன. குறை சொல்வளத்தில் இல்லை.

தமிழில் எழுதும்போதும் கவனம் வேண்டும். ‘உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்புதலோடு விதியைத் திருத்தலாம்’ என ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். மொத்த உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினரா, கூட்டத்திற்கு வந்து வாக்களித்தோருள் நான்கில் மூன்று பங்கினரா? சட்டம் சிறப்புத் தீர்மானத்திற்குக் கருதுவது பின்னதை. விதியின் தொடரமைப்போ முன்னதற்கும் இடமளிக்கிறது. 600 உறுப்பினர் உள்ள சங்கத்தில் முன்னதற்கு 450 பேர் வேண்டும். 80 பேர் வந்து வாக்களிக்கும் கூட்டத்தில் பின்னதற்கு 60 பேர் போதும். ஒரு வேற்றுமை உருபின் இடம் மாறினால் விதி என்றுமே திருத்த இயலாததாகிவிடும்.

உரையாசிரியர்களின் மரபில் பயின்று, சொல்லின் எல்லையை வரையறுக்கும் பயிற்சியுடைய தமிழறிஞர்கள் இப்பணிக்கு மிகவும் உரியவர்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்களைச் சங்கங்கள் வாழ்த்துரைக்கும் இதழ் வெளியீட்டிற்கும் அழைக்கின்றன. துணைவிதியைத் தமிழில் ஐயமற எழுதித் தருமாறும் அழைக்கலாம்.

முடிவுரை

பல்கலைக்கழகத்தோடு பணியாலோ, பணியாற்றியவரின் குடும்ப உரிமையாலோ தொடர்புடைய அனைவரும், எந்த ஓய்வூதியத் திட்டத்திற்கு உட்பட்டவராயினும், முழு வாக்குரிமையுள்ள உறுப்பினராகலாம் என்பதே துணைவிதியின் முதல் விதியாக அமைதல் வேண்டும். ஆயுள் சந்தாவின் காப்பு, பொறுப்பின் சுழற்சி, வகைதோறும் இடம், அஞ்சல் வாக்கு ஆகியன அதனைப் பின்தொடர்வன. விதித் திருத்தத்திற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்குரிய பெரும்பான்மையைத் திரட்டும் வலிமை இன்றைய உறுப்பினரிடம் உள்ளது. 2003க்குப் பின் பணியேற்றோர் பெருமளவில் ஓய்வுபெறத் தொடங்குமுன் இத்திருத்தம் நிகழ்ந்தால் அவர்கள் வந்து சேர்வதற்கு ஒரு சங்கம் இருக்கும். அவ்வாறின்றேல் அவர்கள் தமக்கென வேறொரு சங்கத்தை அமைப்பர். ஒரே பல்கலைக்கழகத்தின்முன் இரு சிறு குழுக்கள் தனித்தனி மனுக்களோடு நிற்கும்.